தவிர்த்தார்கள்! – 6: சுங்கமில்லாத பெருவழி

போன வாரம் நள்ளிரவில் நிறுத்தியிருந்தோம். கொடும்பாளூர் அரண்மனையின் நெற்பண்டாரத்துக்குள் புகுந்த ஒருவரைக் காவலர்கள் மடக்கிப் பிடித்து, அரசர் இடங்கழியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அரசன் வீட்டுக் களவுக்கு என்ன தண்டனை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அரசர் வாய் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அரசர் தண்டனை சொல்லவில்லை, காரணம் கேட்டார். கிடைத்த பதிலைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். சிவனடியார்களுக்கு அமுது படைப்பது பிடிபட்டவரின் வழக்கம். கைப்பொருள் முழுவதும் அதிலேயே கரைந்துபோனது. வந்த அடியார் பசியோடு திரும்பக் கூடாதே என்ற தவிப்பில் அரண்மனை நெல்லில் கை வைத்துவிட்டார். இதைக் கேட்டதும் இடங்கழியார் உருகிப்போனார். இவரல்லவா எனக்கு வாய்த்த பண்டாரம் என்று சொல்லி அவரை விடுவித்தார். அதோடு நிற்கவும் இல்லை. அடியார்கள் யார் வேண்டுமானாலும் வந்து அரண்மனை நெல்லையும் பொருளையும் வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளலாம் என்று ஊரெங்கும் பறையறைய வைத்தார். அறுபத்துமூவரில் ஒருவராக இடங்கழி நாயனார் ஆன கதை இது.

பக்தர்களுக்கு இது பக்திக் கதை. நமக்கு இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இடங்கழியார் விட்டுக்கொடுத்த நெல் அவருடைய களஞ்சியத்து நெல். குறைந்தது அவருடைய குவியல். சுமை வேறு யார் தலைக்கும் மாறவில்லை. இதை முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். இனி இந்த அத்தியாயத்தில் வரப்போகிற எவருடைய கணக்கும் இவ்வளவு நேராக இருக்காது.

சேக்கிழார் இதை எழுதியது 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழனின் காலத்தில். அந்த அரசனின் பாட்டன் முதலாம் குலோத்துங்கன். அவனுக்கு ஒரு விசித்திரமான பட்டம் இருந்தது. மதுரை கொண்டவன், கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன் என்று கொண்டதையெல்லாம் பெயரோடு சேர்த்துக்கொண்ட குலம் அது. அதே குலத்தில் ஒருவன், விட்டதைப் பெயராக்கிக்கொண்டான்.

சுங்கம் தவிர்த்த சோழன்.

வருகிற காசை எந்த அரசனாவது வேண்டாம் என்பானா? இவன் ஏன் சொன்னான்? உண்மையிலேயே சொன்னானா?

குளக்கரையில் ஒரு சூலம்

விடை தேடக் கொடும்பாளூரை விட்டு நாம் நகர வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் வருகிற ஊர். 'பொன்னியின் செல்வன்' வாசகர்களுக்கு வானதி பிறந்த ஊர். கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு மூவர்கோயில் இருக்கும் ஊர். மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். இருக்குவேளிர் இங்கிருந்துதான் கோனாட்டை ஆண்டார்கள். சோழர்களுக்குப் பெண் கொடுத்து, பெண் எடுத்து, படை நடத்தி, அவர்களுக்கு வலக்கையாக இருந்தார்கள்.

இவ்வளவு சின்ன நாட்டுக்கு இவ்வளவு பெரிய மதிப்பு எங்கிருந்து வந்தது? சாலையிலிருந்து வந்தது. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்கிறான். கொடும்பை என்கிற கொடும்பாளூரின் பெருங்குளத்தைத் தாண்டியதும் பாதை சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறான். ஒன்று சிறுமலைப் பக்கம், ஒன்று அழகர்மலைப் பக்கம், இரண்டுக்கும் நடுவே மூன்றாவது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடுவழியைப் பிடித்தார்கள். சோழநாட்டையும் பாண்டிநாட்டையும் இணைத்த கழுத்து இந்த ஊர். இதைப் பிடித்தவன் கையில் இரண்டு நாட்டு வண்டிகளும் இருந்தன.

வழிகள் கூடும் இடத்தில் வணிகன் இளைப்பாறுவான், அரசன் ஆளை நிறுத்துவான். பெரும்பாணாற்றுப்படை காட்டும் காட்சி இதுதான். மிளகுப் பொதி ஏற்றிய கழுதைகள் வரிசையாகப் போகின்றன. சாலை பிரியும் இடத்தில் வில்லேந்திய காவலர்கள் நிற்கிறார்கள், அங்கே 'உல்கு' வாங்கப்படுகிறது. உல்கு என்பது சுங்கத்தின் பழைய பெயர். திருவள்ளுவர் 756-ஆம் குறளில் அரசனுக்குரிய பொருள்களில் ஒன்றாக இதையும் எண்ணுகிறார். பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் மூட்டைகளின் மேல் புலி முத்திரை குத்தி ஓயாமல் உழைக்கிறார்கள். தமிழில் சாலை எவ்வளவு பழையதோ, சாலைக் காசும் அவ்வளவு பழையது.

கொடும்பாளூர் வணிகர்களுக்கும் தனிப் பெயர் உண்டு. 'கொடும்பாளூர் மணிக்கிராமம்' என்று ஊர்ப் பெயரோடு சேர்த்தே அவர்களுடைய குழுவைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. மணிக்கிராமத்தார் உள்ளூர்ச் சந்தையோடு நின்றவர்கள் இல்லை. இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதாகச் சொல்கிறது. இன்னொரு பெரிய வணிகக் குழு ஐந்நூற்றுவர். இதே புதுக்கோட்டை வட்டாரத்து முனசந்தையில் ஓர் ஏரிக்கே அவர்களுடைய பெயர் வைக்கப்பட்டிருந்தது.

இப்படிப்பட்டவர்களின் பொதி மேல்கடற்கரையிலிருந்து கிழக்கே வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு நாட்டு எல்லையிலும் ஒரு நிறுத்தம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கை நீளும். கடைசியில் மிளகை வாங்குகிறவள் அத்தனை கைகளுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறாள். சுங்கத்தைத் தவிர்த்தேன் என்று ஓர் அரசன் சொன்னால், அவன் பெயர் எவ்வளவு தூரம் பரவும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வரி நின்றுவிட்டது என்றால் என்ன அர்த்தம்? இதற்கும் கொடும்பாளூரிலேயே ஒரு கல் விடை வைத்திருக்கிறது.

பதினொரு ஊர், ஐம்பது துறவிகள்

மூவர்கோயிலின் நடு விமானச் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. இருக்குவேளிரின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக வரிசைப்படுத்தி, பூதி விக்கிரமகேசரியிடம் வந்து நிற்கிறது. அவன் வாழ்ந்தது 9-ஆம் நூற்றாண்டா, 10-ஆம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற தன் இரண்டு தேவியரின் பெயரிலுமாக மூன்று விமானங்கள் எடுத்தவன் அவன். மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்கு ஒரு பெரிய மடத்தையும் கொடுத்தான். மடத்தில் ஐம்பது துறவிகள் உண்ண வேண்டும். அதற்காகப் பதினொரு ஊர்களை எழுதிவைத்தான்.

பதினொரு ஊர் உழவர்களும் மறுநாள் காலையில் வரியில்லாமலா விழித்தார்கள்? இல்லை. அதே வயலை உழுது, அதே நெல்லை அளந்தார்கள். முன்பு அரண்மனைக்குப் போன வண்டி இப்போது மடத்துக்குப் போனது. அரசன் தன் பங்கை விட்டது உண்மை. உழவனுக்குச் சுமை குறைந்ததா என்பது வேறு கேள்வி.

சோழர் காலத்து ஊர்ச்சபைகள் இதை இன்னும் நுட்பமாகச் செய்தன. ஒருவர் கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கிறார். அந்த நிலத்துக்கு அரசிறை உண்டு. சபை அவரிடமிருந்து மொத்தமாக ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்த நிலத்துக்கு இறை கேட்கமாட்டோம் என்று கல்லில் வெட்டிக் கொடுக்கும். அன்று முதல் நிலம் 'இறையிலி'. வாங்கிய முன்பணத்துக்கு இறைத்திரவியம், இறைகாவல் என்று பெயர்கள். அரசனுக்குச் சேர வேண்டியதைச் சபையே தன் கணக்கிலிருந்து கட்டிவிடும். கல்லில் இறையில்லை என்று இருக்கும், அரசன் ஓலையில் இறை வந்துகொண்டிருக்கும். இரண்டுமே பொய்யில்லை.

எனவே பழைய ஆவணத்தில் ஒரு வரி நீங்கியது என்று படித்தால் உடனே கைதட்டக் கூடாது. அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தச் சுமையை யார் வாங்கிக்கொண்டார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு 1070-க்குப் போவோம். அங்கே சோழ சிம்மாசனம் காலியாக இருக்கிறது.

வேங்கியிலிருந்து வந்தவன்

வீரராஜேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராஜேந்திரன் முடிசூடினான். சில வாரங்கள்தான், உள்நாட்டுக் கலகத்தில் அவனும் மாண்டான். தஞ்சை முதல் கங்கைகொண்ட சோழபுரம் வரை ஒரே கேள்வி: அடுத்தது யார்?

வந்தவன் பெயரும் ராஜேந்திரன். கீழைச் சாளுக்கிய அரசன் ராஜராஜ நரேந்திரனின் மகன். தாய் அம்மங்கதேவி, கங்கைகொண்ட ராஜேந்திர சோழனின் மகள். தாய்வழியில் சோழன், தந்தைவழியில் வேங்கிச் சாளுக்கியன். 1070-இல் சோழ முடி அவன் தலைக்கு ஏறியது. பின்னர் குலோத்துங்கன் என்ற பெயரை ஏற்றான்.

முடி ஏறிய நேரம் சரியில்லை. மேற்கே கல்யாணபுரத்துச் சாளுக்கிய விக்கிரமாதித்தன் இவனை ஒப்பவில்லை. இறந்துபோன அதிராஜேந்திரன் அவனுக்கு மைத்துனன். தெற்கே இலங்கையில் விஜயபாகு, இவன் அரியணை ஏறிய அதே கட்டத்தில் பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டுக்கொண்டான். ராஜராஜன் காலம் முதல் வந்துகொண்டிருந்த ஈழத்து வருவாய் அதோடு போனது. பாண்டிநாட்டிலும் சேரநாட்டிலும் தலைகள் நிமிர்ந்தன.

பெட்டியில் ஓட்டை, எல்லையில் பகை, பிறப்பில் கேள்வி. இந்த நிலையில் இருந்த ஒருவன்தான் சாலைக் காசை வேண்டாம் என்றான்.

அரசியல் தெரிந்தவர்களுக்கு இதில் புதிரில்லை. அந்நியன் என்று முணுமுணுக்கப்படுகிறவனுக்கு நண்பர்கள் வேண்டும். ஊர் ஊராகப் போகிறவர்களும், பணம் வைத்திருப்பவர்களும், படைக்கலத்தோடு பயணம் செய்கிறவர்களும், அரசனின் பெயரை நாடு கடந்து சுமக்கிறவர்களும் வணிகர்கள்தான். சுங்கத்தை எடுத்தால் முதலில் வாழ்த்துவது அவர்களுடைய வாய். வணிகரின் ஆதரவுக்காக எடுத்த முடிவு என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

விளைவுகள் என்று சொல்லத்தக்கவை கடலில் தெரிகின்றன. 1077-இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவின் சோங் அரசவைக்குப் போனதைச் சீன ஆவணங்கள் குறித்துவைத்திருக்கின்றன. 1088-இல் சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் தமிழில் ஒரு கல் நாட்டினார்கள். 1090-ஐ ஒட்டிக் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குரிய ஊர்களின் வரிகளைக் குலோத்துங்கன் நீக்கினான். ஹாலந்தின் லெய்டன் நகரத்தின் பெயரால் அறியப்படும் சிறிய செப்பேடுகள் அதற்குச் சான்று. விசாகப்பட்டினத்துக்குக் குலோத்துங்க சோழப்பட்டினம் என்று இன்னொரு பெயர் வந்ததும் இந்தக் கட்டத்தில்தான்.

கப்பல்கள் நிறைந்தன. பெட்டி?

அளவுகோல் எழுந்தது

1086. குலோத்துங்கனின் 16-ஆம் ஆட்சியாண்டு. சோழநாட்டு வயல்வரப்புகளில் அளவுகோலோடு ஆட்கள் இறங்கினார்கள். ராஜராஜன் காலத்தில் அளந்த நிலம் மறுபடி அளக்கப்பட்டது. அதே 1086-இல் ஏழு கடல் தாண்டி இங்கிலாந்தில் வில்லியம் மன்னனின் ஆட்களும் ஊர் ஊராகப் போய் நிலத்தையும் ஏரையும் மாட்டையும் எண்ணி ஒரு பெரும் ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருவரும் வெளியிலிருந்து வந்து அரியணை பிடித்தவர்கள். இருவருக்கும் தங்கள் நாட்டில் என்ன விளைகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டியிருந்தது. குலோத்துங்கன் அதோடு விடவில்லை. 1110-இல், தன் 40-ஆம் ஆட்சியாண்டில், இன்னொரு முறை அளக்க வைத்தான்.

நிலத்தை அளப்பது ஒரு கொடுமையில்லை. தகராறுகள் தீரும், காடு திருத்திய கழனி கணக்கில் ஏறும், மறைத்துவைத்த வயல் வெளியே வரும். ஆனால் அளந்த நிலத்துக்கு இறை உண்டு. சாலையில் போகிறவனிடமிருந்து கையை எடுத்த அரசு, வயலில் நிற்கிறவனிடம் கணக்கோடு வந்து நின்றது. சாலைக்காரன் வேண்டுமானால் வேறு வழியில் போவான், சூலத்தின் மூன்று முனைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்வான். வயலைத் தூக்கிக்கொண்டு உழவன் எங்கே போவான்?

சுங்கத்தை விட்டதற்கு ஈடாகவே நிலம் அளந்தான் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே அரசனின் காரியங்கள் என்பது மட்டும் கல்லில் இருக்கிறது. விட்டது பட்டமாகி ஊர்ப்பெயராகவும் ஏறியது. தஞ்சையை ஒட்டிய கருந்திட்டைகுடி, நம் கரந்தை, 'சுங்கந்தவிர்த்த சோழநல்லூர்' ஆனது. 'நிலம் மறுபடி அளந்த சோழன்' என்று எந்த ஊருக்கும் பெயர் வைக்கவில்லை.

சரி, சாலை? அரசன் கையை எடுத்த இடம் வெறுமையாகவே இருந்ததா?

வணிகரே நீட்டிய கை

கொடும்பாளூரிலிருந்து தெற்கே, இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. பழைய பெயர் திருக்கொடுங்குன்றம். அங்கே 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று ஒரு பெரிய மளிகைப் பட்டியலைப் போல நீள்கிறது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள், இரும்பு, பஞ்சு, நூல், புடவை, தேன், மெழுகு, சந்தனம், குதிரை, யானை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பொதிக்கு இவ்வளவு, சுமைக்கு இவ்வளவு என்று ஒரு வீதம்.

இது அரசனின் சுங்கப் பட்டியல் என்று நினைத்தால் ஏமாந்தோம். ஐந்நூற்றுவரும் அவர்களோடு கூடிய பல திசை வணிகக் குழுக்களும் ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட பங்கு இது. பெயர் 'பட்டணப்பகுதி'. பணம் போவது கோயிலுக்கு. பிற்காலத்தில் நம் கடைத்தெருக்களில் 'மகமை' என்று வழங்கிய பழக்கத்துக்கு மூத்த உறவு.

கோயிலுக்குப் போன காசு விளக்காகவும் அமுதாகவும் ஊருக்குத் திரும்பியது, அதை மறுக்க முடியாது. ஆனாலும் மிளகு வாங்கியவளுக்கு விலை விலைதான். முன்பு அரசனுக்காக நீண்ட கை போய், இப்போது சாமிக்காக இன்னொரு கை நீண்டது. அரசனின் கையும் வெகுகாலம் மடங்கியிருக்கவில்லை. பிற்காலப் பாண்டியர் காலத்திலும் விஜயநகரக் காலத்திலும் சுங்கம் என்ற சொல் கல்வெட்டுகளில் தாராளமாகப் புழங்குகிறது. 'தவிர்த்த சோழன்' போனான், தவிர்த்தது திரும்பி வந்தது.

கல்வெட்டுத் தமிழில் தவிர்த்தல் என்றால் நடந்துகொண்டிருந்ததை நிறுத்துதல். இனிமேல் நடக்காது என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள் இல்லை. யாருடைய கை விலகியது என்பதை மட்டும் அது சொல்லும். ஜமீன் ஒழிப்பு, கொத்தடிமை ஒழிப்பு என்று 20-ஆம் நூற்றாண்டு ஆண்ட சொல்லில் வேரோடு பிடுங்கும் ஆவேசம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எண்ணூறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் இதே சாலையில் இன்னொரு 'தவிர்த்தவன்' வந்தான். அவன் சட்டை அணிந்திருந்தான்.

உப்பில் ஏறிய காசு

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலும் உள்நாட்டுச் சுங்கச் சாவடிகள் நிறைந்திருந்தன. ஒரு மூட்டை துணி நாலு மாவட்டம் தாண்டுவதற்குள் நாலு இடத்தில் நிற்கும். லங்காஷயரிலிருந்து வந்த துணி துறைமுகத்தில் ஒருமுறை கட்டிவிட்டு உள்ளே ஓடும். இந்த அநியாயத்தை வங்காளத்தில் சார்லஸ் ட்ரெவெல்யன் அம்பலப்படுத்தினார். வங்காளத்தில் 1836-லும் சென்னை மாகாணத்தில் 1844-லும் சாவடிகள் எடுக்கப்பட்டன. 1844-இன் 6-ஆம் சட்டம் சென்னை மாகாணத்துச் சாலைகளை விடுவித்தது.

அந்த இழப்பை ஈடுகட்டச் சென்னையில் எதன் விலையை ஏற்றினார்கள் தெரியுமா? உப்பு. உப்பு கம்பெனியின் ஏகபோகம். துணி வியாபாரியிடமிருந்து இறங்கிய சுமை கூழ் குடிக்கிறவன் கலயத்துக்குள் விழுந்தது. 1086-இல் வயலைத் தேடிப் போன கணக்கு, 1844-இல் அடுப்படிக்கே போனது.

கொடும்பாளூருக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அன்றைக்கு அந்த ஊர் கம்பெனி மண்ணில் இல்லை. அது புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம். கம்பெனிச் சட்டம் சமஸ்தான எல்லைக்கல் வரைதான் வரும்.

இன்றைக்கு என்ன நிலை? 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரிகள் எல்லையில் மணிக்கணக்கில் நின்றது பழங்கதை ஆனது. ஆனால் திருச்சி–மதுரை நாற்கரச் சாலையில் விராலிமலை வட்டாரத்துப் பூதக்குடியில் சுங்கச்சாவடி நிற்கிறது. வில்லேந்திய காவலருக்குப் பதில் கேமரா. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். உல்கு வாங்கிய வழியில் உல்கு தொடர்கிறது. சாலை போட்ட கடனுக்காக என்று காரணம் மட்டும் மாறியிருக்கிறது.

ஆக, வரவைத் தவிர்த்தவர்கள் அதை வேறு எங்காவது இறக்கிவைத்தார்கள். சபை முன்பணத்தில் இறக்கியது. கம்பெனி உப்பில் இறக்கியது. குலோத்துங்கன் காலத்தில் அளவுகோல் வயலுக்கு வந்தது. தன் நெல்லையே விட்ட இடங்கழியார் மட்டும் விதிவிலக்கு.

இதுவரை பேசியது பண்டங்களின் சுமை. பண்டமே மனிதனாக இருந்தால்?

நூற்றுப்பத்துக் காசு

1201. மூன்றாம் குலோத்துங்கனின் 23-ஆம் ஆட்சியாண்டு. இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரம். காலம் கெட்டுக் கிடக்கிறது. காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறிவிட்டது. குழந்தைகள் பசியில் துவள்கிறார்கள். ஒரு வேளாளர் தன் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் வருகிறார். வழிபட வரவில்லை. விற்க வந்திருக்கிறார், தன்னையும் தன் இரண்டு பெண்களையும். விலை 110 காசு. கோயில் கொடுக்கிறது, மூவரும் கோயிலுக்கு அடிமைகளாகிறார்கள். எழுதிக் கல்லில் வெட்டியாயிற்று.

பசித்தவருக்காகக் களஞ்சியத்தைத் திறந்துவிட்ட அரசரைப் பாடிய பெரியபுராணம் பிறந்து ஐம்பது அறுபது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே சோழநாடு, அதே சிவன் கோயில். ஆனால் இந்தமுறை பண்டாரம் விலை பேசித் திறந்தது.

சுங்கம் தவிர்த்ததற்குப் பட்டம் சூட்டிக்கொண்ட குலம் இது. ஆள் விற்பனையைத் தவிர்த்தேன் என்று அந்தக் குலத்தில் எவரும் பட்டம் சூட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களும் இல்லை. 1833-இல் லண்டன் பாராளுமன்றம் தன் பேரரசில் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்ததற்கு ஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது. ஒரு பவுன்கூட அடிமைக்குப் போகவில்லை, முழுவதும் அவர்களை வைத்திருந்தவர்களுக்குப் போனது. அந்தச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு மூன்று இடங்களுக்கு இது செல்லாது என்றது. ஒன்று செயின்ட் ஹெலினா தீவு, ஒன்று இலங்கை. மூன்றாவது, கம்பெனியின் இந்தியா.

இன்னும் பத்தாண்டு கழித்து, 1843-இல், கம்பெனி ஒரு சட்டம் போட்டது. அடிமை என்ற காரணத்தைக் காட்டி இனி எந்த நீதிமன்றமும் ஒருவரை இன்னொருவரின் சொத்தாகக் கருதாது என்றது. தஞ்சாவூர் வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்களை மறுநாள் காலை யாராவது எழுப்பி, நீங்கள் விடுதலை என்று சொன்னார்களா? மிராசுதார்கள் அதிர்ந்தார்களா, அல்லது சிரித்தார்களா? அடிமைச் சீட்டு செல்லாது என்றானதும் அவர்கள் பெட்டியிலிருந்து எடுத்த வேறொரு சீட்டு எது?

கம்பெனிச் சட்டம் எல்லைக்கல்லில் நின்றுவிடும் என்று சற்றுமுன் பார்த்தோம். அப்படியானால் தஞ்சாவூர் எல்லையிலிருந்து ஓடிவரும் ஒருவன், கொடும்பாளூர் இருந்த சமஸ்தான மண்ணில் கால் வைத்ததும் யாருடைய ஆள்?

அடுத்த வாரம் அந்த எல்லைக்கல்லில் சந்திப்போம்.

(தொடரும்)